நின்றால்தான் தெரியும்!

வேளா வேளைக்கு இலையில் சாப்பாடு விழுந்தால் சமையலறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் அடுப்பு எரியாவிட்டால் வீடே அங்கு கூடிவிடும். சகோதரிகளே, இந்த அநுபவம் நமக்குப் புதிதா என்ன? கம்ப்யூட்டர் எஞ்சினீயர்களிலும் இப்படி ஒரு ஜாதி உண்டு. பாங்கி, ஆஸ்பத்திரி, விமான நிலையம் எல்லாவற்றிலும் ஸர்வர்களும் நெட்வொர்க்குகளும் நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்வது இவர்கள் உத்தியோகம்.

2024 ஜூலை 19-ஆம் தேதி உலகமே இவர்களைத் தேடியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான கோப்பு ஒன்று, சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்களை முடக்கிவிட்டது. ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! அந்தக் கோப்பைக் கம்பெனி 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் படுத்த யந்திரம் தானாக எழுந்திருக்குமா? பலவற்றின் முன்னால் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து, கோப்பை நீக்கி, மறுபடி உயிர் கொடுக்க வேண்டியிருந்தது.

நடு நிசியில் டெலிபோன் அடித்ததும் எழுந்து உட்காரும் பிள்ளையோ பெண்ணோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். "இது என்ன உத்தியோகமோ!" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஊரில் ஒரு நாள் வம்பில்லாமல் கழிந்தால் அதில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. சூடாக ஒரு வாய்க் காப்பி கொடுத்து, அதையும் சொல்லுங்கள்.