பம்பைக் கழற்றுமுன் டேங்கைப் பாருங்கள்

மடுல்சீமையிலிருந்து பசறைக்கும் பதுளைக்கும் ஓடும் பழைய டீசல் வேன்களிலும், தோட்டத்துக் கொழுந்து லொறிகளிலும் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று உண்டு. எக்சிலேட்டரில் கால் வைக்காமலே எஞ்சினின் ரேஸ் தானாக ஏறும், விழும், மறுபடி ஏறும். மேட்டில் இழுக்கும்போது வண்டி ஒரு கணம் பாயும், மறுகணம் தளரும். இதற்குக் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: “வண்டி ரொம்ப ஓடிருச்சி, பம்பு போயிருச்சி, கழட்டி பம்ப் ரூமுக்கு அனுப்பணும்.” 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதற்குப் பிறகும் புது வண்டி வாங்குவது தோட்டப்புறத்தில் எல்லோருக்கும் முடிகிற காரியமல்ல. இருபது, முப்பது வயது வண்டியை வைத்துத்தான் பலருடைய பிழைப்பு ஓடுகிறது. அப்படிப்பட்டவரிடம் பெரிய செலவைச் சொல்லும் தீர்ப்புக்கு ஆதாரம் கேட்பது நியாயம். அந்த ஆதாரத்தைத் தேடிப் போனால், இந்தத் தீர்ப்பு நிற்கும் தூண்கள் ஒவ்வொன்றும் ஆட்டம் காண்கின்றன.

முதல் தூண், ரேஸ் ஏறி இறங்குவதே பம்ப் கெட்டதற்கு அடையாளம் என்பது. டீசல் பம்புக்குள் இருக்கும் கவர்னரின் வேலை என்ன? எஞ்சின் வேகம் குறைந்தால் அது டீசலைக் கூட்டும்; வேகம் கூடினால் குறைக்கும். இப்போது டீசலோடு ஒரு காற்றுக்குமிழ் பம்புக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நொசிலுக்குப் போகும் டீசல் குறைகிறது, வேகம் விழுகிறது, கவர்னர் உடனே டீசலைக் கூட்டுகிறது. அதற்குள் குமிழ் கடந்துபோய்விட, கூட்டிய டீசல் முழுதும் எரிந்து வேகம் அளவுக்கு மேல் ஏறுகிறது. கவர்னர் குறைக்கிறது, அடுத்த குமிழ் வந்துசேர்கிறது. வெளியே கேட்கும் ஏற்ற இறக்கம் இதுதான். இங்கே கவர்னர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அதற்கு வந்துசேரும் டீசல்தான் சீராக இல்லை. கவர்னரே தேய்ந்து, அதன் இணைப்புகள் இறுகிப்போனாலும் இதே போன்ற ஆட்டம் வரும் என்பது உண்மை. அதனால்தான் சத்தத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இரண்டாவது, “எங்கேயும் ஒழுகல்ல, அதனால லைன் நல்லாத்தான் இருக்கு” என்ற வாதம். இதுதான் எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது. டொல்பின் என்று நாம் அழைக்கும் ஹையேஸ் வேன்களில் வந்த 2எல், 3எல் எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் டீசலை டேங்கிலிருந்து தள்ளிவிடத் தனிப் பம்ப் கிடையாது. டீசல் பம்பே உள்ளிருந்து உறிஞ்சி எடுக்கிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவில் இளநீர் குடித்துப் பார்த்தவருக்கு மீதி புரியும்: ஓட்டை வழியே இளநீர் சிந்தாது, காற்றுத்தான் வாய்க்குள் வரும். அதுபோல டேங்குக்கும் பம்புக்கும் இடையில் வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பில்டருக்கு மேலுள்ள ஹேண்ட் பம்பின் உலர்ந்த ரப்பர் ஆகியவை எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டும் ஒழுகாமலே காற்றை உள்ளே விடும். நம் மலைச்சரிவே இதற்கு ஒரு சோதனையைத் தருகிறது. இரவில் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டு, ஹேண்ட் பம்பை அடித்த பிறகே பிடிக்கிறது. மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினால் உடனே பிடிக்கிறது. அப்படியானால் லைனில் எங்கோ காற்றுப் புகுந்து டீசல் டேங்குக்குத் திரும்பியிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கிறது.

மூன்றாவது, இத்தனை இலட்சம் கிலோமீற்றர் ஓடிய பம்ப் தேயாமலா இருக்கும் என்ற கேள்வி. தேய்ந்திருக்கும்தான். ஆனால் தேய்ந்த பம்ப் வேறு வழிகளிலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும், இழுவை நிரந்தரமாகக் குறையும், எக்சிலேட்டர் லீவரின் அடியில் டீசல் கசியும். இவை எதுவும் இல்லாமல் ரேஸ் மட்டும் ஆடினால், வயதைக் குற்றவாளியாக்கப் போதிய சாட்சி இல்லை. “பக்கத்து வேனுக்கு பம்ப் செய்ததும் சரியாயிருச்சே” என்பார்கள். பம்பைத் திரும்பப் பூட்டும்போது ஹோஸ், வொஷர், கிளிப், பில்டர் எல்லாம் புதிதாகப் போடப்படுகின்றன. லைனில் இருந்த காற்றும் முழுதாக வெளியேற்றப்படுகிறது. நோயைத் தீர்த்தது பம்ப் வேலையா, கூடவே மாற்றிய ஹோஸா என்பது அந்த உதாரணத்திலிருந்து தெரியவே தெரியாது. மேலும் இந்த எஞ்சின்களில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அதைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் தவறினாலும் பழைய கோளாறோடு புதியதும் சேரும்.

நான்காவது, பழியை மலைக்காற்றின் மீதும் டீசலின் மீதும் போடுவது. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அதன் விளைவு கொஞ்சம் குறைந்த இழுவையும் கொஞ்சம் கூடிய கரும்புகையும்தான். அதுவும் சீராக இருக்கும். காற்று ஒரு நொடி அடர்ந்து மறுநொடி மெலிவதில்லை. கலப்பட டீசல் என்ற சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. மண்ணெண்ணெய் மலிவாக விற்ற காலத்தில் கலப்பதில் இலாபம் இருந்தது. 2022 ஓகஸ்ட்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது அந்த இலாபம் பெருமளவு கரைந்தது. அந்த ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின் உண்மையான எச்சம் வேறு. கேன்களிலும் பீப்பாய்களிலும் சேமித்து ஊற்றிய டீசலோடு தண்ணீரும் துருவும் டேங்குக்குள் போயின. டேங்கின் அடிமட்டத்தில் ஓடிப் பழகிய வண்டிகள் அந்த அழுக்கைத்தான் உறிஞ்சின. மேட்டில் மட்டும் ரேஸ் ஆடினால் முதலில் டேங்கை நிரப்பிப் பாருங்கள். சரிவில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி உறிஞ்சுகுழாய் வெளியே தெரிகிறதா என்பது அதில் விளங்கிவிடும். பிறகு டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தால் அதுவும் தெரியும். இரண்டுக்கும் கூலி இல்லை.

பெற்றோல் கார்களுக்கு இன்னொரு கட்டுக்கதை உண்டு: ஸ்கேனரில் கோட் வராவிட்டால் எல்லாம் சரி, வந்தால் அந்தச் சென்சரை மாற்ற வேண்டும். பழைய கம்ப்யூட்டர் தனக்குச் சொல்லித்தந்த பிழைகளை மட்டுமே எழுதிவைக்கும். இன்டேக் பகுதியில் வெடித்த ஒரு சிறு ரப்பர் குழாயை அது பார்ப்பதில்லை. அந்த வெடிப்பால் காற்றுக் கூடி ரேஸ் ஏறுகிறது. எக்சிலேட்டர் மூடியிருந்தும் வேகம் அதிகமென்று கண்ட கம்ப்யூட்டர் பெற்றோலை வெட்டுகிறது. வேகம் விழுந்ததும் திரும்பக் கொடுக்கிறது. அங்கும் ஆடுவது, சரியாக வேலைசெய்யும் ஒரு கட்டுப்பாடுதான்.

இத்தனையும் பார்க்க நேரம் எங்கே, கராஜ் கூலி ஏறாதா என்று கேட்கலாம். டீசல் வண்டிக்குத் தேவைப்படுவது ஒரேயொரு சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய சிறு கேனைப் பம்புக்கு மேலே கட்டி, தெளிவான பிளாஸ்டிக் குழாயால் பம்பின் வாய்க்கு நேரே கொடுத்து, ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விட்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். பெற்றோல் வண்டியில் இதைச் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும். ஆட்டம் நின்றால் பம்ப் குற்றமற்றது. பில்டர், ஹேண்ட் பம்ப், இரும்புக்குழாய், டேங்க் வலை என்று ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். கேனிலும் ஆட்டம் நிற்காவிட்டால் பம்பைத் தாராளமாகக் கழற்றலாம்; அப்போது அது ஊகமல்ல, முடிவு. தள்ளிப்போடுவதற்கு மட்டும் இது அனுமதி அல்ல. இந்தப் பம்புக்குள் ஓடும் டீசல்தான் அதற்கு ஒயில். காற்றும் தண்ணீரும் கலந்த டீசலில் மாதக்கணக்கில் ஓட்டினால், இன்று பொய்யாக இருக்கும் அந்தத் தீர்ப்பை நாமே நாளை உண்மையாக்கிவிடுவோம். ஆகவே வண்டியைக் கராஜில் விடுபவர் பாஸிடம் கேட்க வேண்டியது ஒன்றே: பம்பில் ஸ்பேனர் வைக்குமுன் கேனில் ஓட்டிக் காட்டுங்கள்.