சிறுவர் கால்பந்தும் ஜெய மோகமும்

சிறுவர்களுக்குக் கால்பந்தாட்டம் பழக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரையும் பந்தய தினத்தன்று ஒரு தர்மசங்கடம் பிடித்து ஆட்டுகிறது. கோஷ்டியில் சேர்ந்திருப்பவர்கள் பதினெட்டுப் பிள்ளைகள். மைதானத்தில் இறங்கக்கூடியவர்கள் பதினொருவர். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் இரு கட்சிகளும் சமமாக நிற்கின்றன. மாதக்கணக்காக விடியற்காலையில் எழுந்து வந்து பயின்ற சிறுவன் ஒருவன், இன்னும் ஒரு தரமேனும் அழைக்கப்படாமல், பூட்ஸின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனை இறக்கினால் பந்தயம் கைநழுவிப் போகலாம். இறக்காவிட்டால் அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கே வராமல் நின்றுவிடலாம்.

தேச காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நம் வாசகர்களில் சிலர் இதை அற்ப விஷயமென்று எண்ணக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு பொது ஸ்தாபனம் தன்னை நம்பி வந்த சிறியவனை எப்படி நடத்துகிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முதன்முதலில் கண்டுகொள்ளும் இடங்களில் விளையாட்டு மைதானமும் ஒன்று. அங்கே பெற்ற பாடத்தைத்தான் அவன் பின்னர் சங்கத்துக்கும் சபைக்கும் கொண்டு வருகிறான்.

இத்தர்மசங்கடத்துக்கு ஆசிரியரை மாத்திரம் பொறுப்பாளியாக்குவது நியாயமன்று. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களையே எடுத்துக்கொள்வோம். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற பிரிவுகளில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள் நடக்கின்றன. தோற்றவர் வெளியேறுவது என்ற முறையில் போட்டி நடக்குமானால், ஒரு கோல் அதிகம் வாங்கிய கோஷ்டிக்கு அவ்வருஷத்துப் பந்தயம் அன்றோடு சரி. மேற்படிகளில் கிடைக்கும் சான்றிதழோ கல்லூரிப் பிரவேசத்துக்கும் உத்தியோகத்துக்கும் உதவக்கூடியது. ஏழைக் குடும்பத்துக்கு அது வெறும் காகிதமன்று. தலைமை ஆசிரியர் அலமாரியில் வைக்கக் கோப்பை கேட்கிறார். பெற்றோர் கோட்டுக்கு வெளியே நின்று கூச்சலிடுகிறார்கள். இவ்வளவு பாரத்தையும் தேகப்பயிற்சி ஆசிரியர் தோளில் ஏற்றிவிட்டு, எல்லோரையும் சமமாக ஆடவிடும்படி அவருக்கு உபதேசம் செய்வது, கையைக் கட்டிவிட்டு ஆற்றில் நீந்தச் சொல்வது போலாகும். விதி அப்படியே இருக்க, ஆசிரியரின் மனசாட்சியை மாத்திரம் பரீக்ஷித்துப் பயனில்லை.

விதியை மாற்றிப் பார்த்த தேசங்கள் உண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 1964-ஆம் வருஷம் ஒன்பது கோஷ்டிகளுடன் தோன்றிய அமெரிக்க இளைஞர் கால்பந்து அமைப்பு, கோஷ்டியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பந்தயத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆடியே தீரவேண்டுமென்று விதித்தது. பலசாலிகள் ஒரே இடத்தில் குவியாதபடி கோஷ்டிகளையும் வருஷந்தோறும் சமப்படுத்தி அமைக்கிறார்கள். இவ்வமைப்பில் ஆடத் தொடங்கிய அலெக்ஸ் மார்கன் என்ற பெண்மணி, பதினான்காம் வயதில்தான் போட்டிக் கழகமொன்றில் சேர்ந்தார். 2015-லும் 2019-லும் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க மகளிர் கோஷ்டியில் அவரும் ஒருவர்.

ஜெர்மானியர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். 2024-25 பருவம் முதல், 11 வயதுக்குட்பட்ட பிரிவுகளில் சிறு மைதானங்களில் சிறு கோஷ்டிகளாக ஆடும் முறை அங்கே கட்டாயமாகிவிட்டது. மிகச் சிறியவர்கள் இருவருக்கிருவர் அல்லது மூவருக்கு மூவராக, நான்கு சிறிய கோல்களை வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஒரு கோல் விழுந்தவுடன் இரு கட்சியிலும் முறைப்படி ஒருவன் வெளியேற, காத்திருப்பவன் உள்ளே வருகிறான். இந்த ஏற்பாட்டின் நேர்த்தியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்ற சோதனையே ஆசிரியருக்கு இல்லாமற் போகிறது.

இதற்கு அங்கே எதிர்ப்பு இல்லாமலில்லை. ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் உபதலைவர்களில் ஒருவராயிருந்த ஹான்ஸ் ஜோவாகிம் வாட்ஸ்கே, 2023-ஆம் வருஷம் இச்சீர்திருத்தத்தைக் கடுமையாகத் தாக்கினார். ஆறு, எட்டு வயதில் தோல்வி இன்னதென்று உணராத பிள்ளைக்குப் பின்னால் வெல்லும் வலிமை வராது என்பது அவர் வாதம். 2018, 2022 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் முதற்சுற்றோடு திரும்பிய தேசத்தில் அந்தப் பேச்சுக்குச் செவி சாய்ப்போர் பலர் இருந்ததில் ஆச்சரியமில்லை.

வாதத்தில் பாதி உண்மை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். தோல்வியைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவைப்பது வீண் வேலை. பட்டியல் ஒட்டாவிட்டாலும் கோல் எத்தனை என்பதை அவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் ஜெர்மானியரின் புதிய முறையிலும் வென்ற கோஷ்டி ஒரு மைதானம் மேலேறுகிறது, தோற்றது ஒரு மைதானம் கீழிறங்குகிறது. ஒரு காலைப் பொழுதுக்குள் ஒரே சிறுவன் பலமுறை வெல்கிறான், பலமுறை தோற்கிறான். வாட்ஸ்கே கேட்கும் அந்தக் கல்வி, ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கிருந்து கிட்டும்? கோஷ்டி வென்றால் அது அவன் வெற்றியன்று. தோற்றாலும் அவன் தோற்கவில்லை. தான் வேண்டாதவன் என்ற ஒன்றைத்தான் அவன் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறான்.

நார்வே தேசத்தின் அனுபவமும் இங்கே நினைக்கத்தக்கது. ஜனத்தொகை சுமார் 55 லக்ஷம். சிறுவர் விளையாட்டுக்கான விசேஷ விதிகளை 1987-லேயே வகுத்தவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்கு 11 வயதாகும் ஆண்டுக்கு முன் வெற்றி தோல்விப் பட்டியலோ தரவரிசையோ கூடாது. தேசீய சாம்பியன் போட்டி 13 வயதுக்கு முன் கிடையாது. அவ்விதிகளின் கீழ் வளர்ந்தவர்கள் 2022-ஆம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கங்களைக் கொண்டுசென்றார்கள். அதற்கு முன் எந்தத் தேசமும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை தங்கம் பெற்றதில்லை. எனினும் அதே விதிகள் இருக்கையில்தான் அவர்கள் 1998-க்குப் பிறகு கால்பந்து உலகக் கோப்பைக்கு நீண்ட காலம் தகுதி பெறாமலும் இருந்தார்கள்; 2025-ல்தான் மீண்டும் தகுதி பெற்றார்கள். ஆகவே விதியே வெற்றியைக் கொண்டுவந்துவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. வெற்றிக்கு அது விரோதி என்ற பயம் ஆதாரமற்றது என்று மட்டும் சொல்லுகிறோம். எர்லிங் ஹாலண்ட் பயின்ற பிரீனே என்ற சிற்றூர்க் கழகத்தில் சுமார் 40 பிள்ளைகள், யாரும் கழிக்கப்படாமல், ஒரே குழுவாகச் சேர்ந்து பயின்றனர். அக்குழுவிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரராக வந்தவர் அவர் ஒருவர் மாத்திரமல்லர்.

ஜெயத்தையே பெரிதாக நினைப்பவர்களுக்கும் இதில் யோசிக்க இடமுண்டு. பன்னிரண்டு வயதில் எவன் திறமைசாலியாகத் தோன்றுகிறான்? பெரும்பாலும் வளர்ந்தவன். வயதுப் பிரிவைக் கணக்கிடும் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே பல தேசங்களின் இளைஞர் கோஷ்டிகளில் அதிகமாக இடம்பெறுவதை ஆராய்ச்சியாளர் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். பத்துப் பதினொரு மாத மூப்பை நாம் திறமையென்று மயங்குகிறோம். பிரெஞ்சுக் கழகங்கள் பல ஆன்ட்வான் கிரீஸ்மனை உடல் சிறுத்தவர் என்று தள்ளிவிட்டன; அவர் ஸ்பெயினுக்குச் சென்று பயின்றார். 2018-ல் பிரான்சு உலகக் கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார். இன்றைய கோப்பைக்காக உட்கார வைக்கப்படும் பையனுக்குள் யார் இருக்கிறாரென்பது எந்த ஆசிரியருக்கும் தெரியாது. 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் பெற்று, 1956 ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த பாரத தேசம் பின்னர் பின்தங்கியதற்குக் காரணங்கள் பல. ஆடத் தெரிந்த பிள்ளைகளை ஆடவிடாமல் திருப்பியனுப்புவதை அவற்றோடு சேர்க்க வேண்டியதில்லை.

எல்லா வயதுக்கும் சம நேரம் என்று கேட்போரின் கட்சியில் நாம் சேரவில்லை. 17, 19 வயதுப் பிரிவுகளில் தகுதியுள்ளவன் அதிக நேரம் ஆடுவதே நியாயம். பயிற்சிக்கு ஒழுங்காக வருபவனையும் வராதவனையும் ஒரே தராசில் நிறுப்பது பின்னவனுக்குத் தயை, முன்னவனுக்கு அநீதி. நமது கோரிக்கை 14 வயதுக்குட்பட்டோர் பிரிவைப் பற்றியது. அங்கே குறுவட்டத்தில், தோற்றவர் வெளியேறும் முறைக்குப் பதிலாக நான்கு நான்கு பள்ளிகளைக் குழுவாக்கி எல்லோரும் எல்லோரோடும் ஆடச் செய்யலாம். வெளியே சென்றவன் மறுபடி உள்ளே வருவதற்குச் சிறுவர் ஆட்டத்தில் சர்வதேச விதிகளே இடங்கொடுக்கின்றன. அமெரிக்காவில் நெடுங்காலமாகச் செய்துவருவதுபோல் ஒவ்வொரு பாதியையும் நடுவில் ஒரு முறை நிறுத்தி, எந்தப் பிள்ளை எந்தக் காற்பகுதியில் ஆடினான் என்பதை நடுவர் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளலாம். பாதி நேரம் ஆடாத பிள்ளை ஒருவன் இருந்தாலும் அந்தப் பந்தயத்தின் புள்ளிகள் அக்கோஷ்டிக்கு இல்லை என்று விதித்துவிட்டால், தலைமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தேகப்பயிற்சி ஆசிரியர் பதில் சொல்ல வேண்டியிராது. சீட்டைக் காட்டினால் போதும். அடுத்த வருஷத்து அட்டவணை தயாராகுமுன், தேகப்பயிற்சி ஆசிரியர்களின் சங்கங்களே இதைப் பள்ளிக் கல்வி அதிகாரிகளிடம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும்.