எந்த எஸ்டேட்?



கோலா சுங்கை பாருவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே பெரியவர் இறந்து மூன்று மாதம். வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் அவர் பெயரோடு 'எஸ்டேட்' என்று போட்டிருந்தது. பேரன் வாசித்ததும் பாட்டி கேட்டார்: "எஸ்டேட்டை விட்டு வந்து முப்பது வருஷம் ஆச்சே தம்பி, இன்னுமா பாக்கி இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாட்டி கேட்டதில் என்ன தப்பு? 1896-இல் டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதற்குப் பின் நம் சனங்களுக்கு எஸ்டேட் என்றால் பால்மரம், பெரட்டு, கிராணி, மண்டோர்தானே?

லத்தீனில் 'நிலை' என்ற பொருளில் கிளம்பிய சொல் அது. அந்தஸ்தாகி, அந்தஸ்து தரும் நிலமாகி, சொத்தாகியது. இன்று தாமானும் எஸ்டேட்தான். இறந்தவர் விட்டுப்போன வீடு, சேமிப்பு, பழைய மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்ந்தாலும் எஸ்டேட். எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களைக்கூட 'நான்காவது எஸ்டேட்' என்பார்கள். அதில் பால் இறங்காது!

எஸ்டேட்டோடு ஒட்டியே நாம் சொல்லும் 'லைன்' ஆளிச்செடி நூலில் பிறந்த சொல். ஆங்கிலத்தில் எஸ்டேட்டுக்கும் லைனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம்மிடம் வந்துதான் ஒன்றுக்குள் ஒன்று குடியேறின. வரிசை வீடு லைன் வீடாகி, லயமாகிவிட்டது. அந்த லயத்தில் வாழ்ந்த அதே பாட்டி, இன்று கைப்பேசியை ஆட்டிப் பார்த்து, "லைன் இல்ல" என்கிறார். துளிக் குழப்பமும் இல்லை. தினமும் புழங்கும் சொல் ஆயிற்றே!

எஸ்டேட்டுக்கு 'இறந்தவர் விட்டுப்போன சொத்து' என்ற பொருளோ, சாவு விழுந்த வீட்டுக்குக் கடிதத்தில்தான் வருகிறது. புரியாத கடிதம் சாமி மேடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. வருஷங்கள் ஓடி, வாரிசுகளில் சிலரும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டுக் கிராண்டில் இன்னும் தாத்தா பெயர். கையெழுத்துக்கு யாரைத் தேடுவது?

நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டிலிருந்தே சிறிய எஸ்டேட்டுகள் பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. தோட்டங்களுக்கானது அல்ல, நம் வீடுகளுக்கானது. உயில் எழுதாமல் போனவரின் சொத்தில் வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு சட்ட வரம்புக்குள் அடங்கினால், கோர்ட் படி ஏற வேண்டாம். நில அலுவலகத்தில் 'ஹர்த்தா பூசாக்கா கெச்சில்' என்று கேளுங்கள்.

இறப்புப் பத்திரம், கிராண்ட், அடையாள அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை நாளில் பாட்டியையும் அழைத்துப் போங்கள். அவரும் வாரிசுதான்.