சேலம் வகுப்பறையில் இரண்டு இடம் காலி!

காலை எட்டேகால் மணி.

சேலத்தில் இருந்து ஓமலூர் போகும் வழியில், அல்லது ராசிபுரத்தில் இருந்து நாமக்கல் போகும் வழியில், ஏதாவது ஓர் ஊரில் பஸ்சை விட்டு இறங்கிப் பாருங்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து கிச்சடி வாசனை வரும். சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். இரட்டைப் பின்னல். மடித்துக் கட்டிய ரிப்பன். பின்னலில் ஒரு துண்டு கனகாம்பரம். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள்.

இதில் என்ன அதிசயம்? பள்ளிக்கூடம் என்று இருந்தால் பிள்ளைகள் வரத்தானே செய்வார்கள்?

அதிசயம் இருக்கிறது. இந்தச் சிறுமிகளின் தாய்மார்கள் பிறந்த காலத்தில், இதே சேலம் ஜில்லாவில், பிறந்த பெண் குழந்தை உயிரோடு இருக்கும் என்பதே நிச்சயம் இல்லை!

ஆயிரத்துக்கு எத்தனை?

பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள் அல்லவா? அதில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளைத் தனியாக எண்ணுவது உண்டு. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் எத்தனை என்று அதில் தெரியும். இயற்கையாக விட்டுவிட்டால் ஆயிரம் ஆணுக்குச் சுமார் 950 பெண் இருக்க வேண்டும்.

1991-ம் ஆண்டு சேலம் ஜில்லாவில் இருந்தது 849 தான். நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்து இருந்தது. 1997-ல்தான் அது தனி ஜில்லா ஆயிற்று.

2001-ல் சேலத்தின் கணக்கு 851. தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 942. பஞ்சாப் மாகாணத்தில் 798. வடக்கே நடந்த கொடுமை, தெற்கே சேலத்துச் சமவெளியிலும் நடந்தது என்று இதற்குப் பொருள்.

எண் என்றால் சிலருக்குத் தலை சுற்றும். வகுப்பறையைப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒன்றாம் வகுப்பில் இருபது பையன்கள் உட்கார்ந்து இருக்கிறார்கள். அவர்களோடு பத்தொன்பது சிறுமிகள் உட்கார வேண்டும். ஆனால் பதினேழு பேர்தான் இருக்கிறார்கள். இரண்டு இடம் காலி!

அந்த இரண்டு பேரும் பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள் அல்ல. அவர்கள் ஒன்றாம் வகுப்பு வரை வரவே இல்லை.

ஏன் இப்படி?

முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்குத்தான் ஆபத்து. நகை, சீர், கல்யாணச் செலவு என்று பெற்றோர் கணக்குப் போட்டார்கள். குடும்பம் சிறிதாக இருக்க வேண்டும். அதில் ஆண் வாரிசும் இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில் நசுங்கியது பெண் சிசு.

ஏழைகள்தான் இப்படிச் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஸ்கேன் இயந்திரம் வந்த பிறகு, வசதி உள்ளவர்கள் பிரசவம் வரை காத்திருக்கவே இல்லை! வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டது.

அதற்கு முன்பே, 1992-ல், தமிழக சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. அது முதலில் தொடங்கிய இடம் சேலம்தான். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்றது சர்க்கார். பெற்ற பிள்ளையைக் கைவிட சர்க்காரே வழி காட்டலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு உயிர் இருந்தது. அதற்கு மேல் அந்த நேரத்தில் வாதம் செய்ய இடம் இல்லை.

பெண் குழந்தையோடு குடும்பத்தை நிறுத்திக்கொள்ளும் ஏழைப் பெற்றோருக்கு, அந்தக் குழந்தையின் பெயரில் பணம் போட்டு வைக்கும் திட்டமும் அதே 1992-ல் வந்தது.

பலன் உடனே தெரியவில்லை. 1991-ல் 849, 2001-ல் 851. பத்து ஆண்டில் ஏறியது இரண்டே இரண்டு! 2011-ல்தான் சேலத்தின் கணக்கு 900-ஐத் தாண்டியது. நாமக்கல் ஜில்லாவும் அதே ஆண்டு 900-க்கு மேல் நின்றது.

வகுப்பறைக் கணக்கில் சொன்னால், காலியாக இருந்த இரண்டு இடத்தில் ஒன்றுக்கு ஆள் வந்துவிட்டது.

தப்பியவள் தாய் ஆனாள்

2001-ல் ஆறு வயதுக்குள் இருந்த அந்தப் பெண் குழந்தைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றுவிட்டார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறார்கள். ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டிலும் ஜவ்வரிசி ஆலையிலும் பாடுபடுகிறார்கள்.

இன்று தொடக்கப் பள்ளியில் கிச்சடி சாப்பிடும் சிறுமிகளில் பலர் அவர்கள் பெற்ற பெண்கள்தான்.

முன்பு பெண்களுக்கு என்று தனிப் பள்ளிக்கூடம் வைத்தால்தான் பெண்ணை அனுப்புவார்கள். யாழ்ப்பாணத்தில் உடுவில் என்ற ஊரில் 1824-ல் அமெரிக்கப் பாதிரிமார் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். புனாவில் 1848-ல் பெண்கள் பள்ளி தொடங்கிய புலே தம்பதிகளை ஊரே எதிர்த்தது. பாடம் சொல்லப் போன சாவித்திரிபாய் மீது சாணியை வீசினார்கள்.

இன்று தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் இருபாலரும் படிப்பவை. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். நாமக்கல் ஜில்லா தனியார் பள்ளிகளுக்குப் பெயர் போனது. மார்க்குக்காகத் தமிழ்நாட்டின் நாலா பக்கத்தில் இருந்தும் பிள்ளைகளை ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் கொண்டு வந்து விடுதியில் சேர்த்தார்கள். அந்த ஜில்லாவிலேயே, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், மகனை வேனில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மகளை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தி அனுப்பும் வீடுகள் உண்டு. பெயர்ப் பலகையில் "பெண்கள் பள்ளி" என்று எழுதாமலே சில ஊர்ப் பள்ளிகள் பெண்கள் பள்ளி போல் ஆகிவிடுவது இப்படித்தான்!

அதனால் ஊர்ப் பள்ளிக்கூடம் நன்றாக நடந்தால் முதலில் லாபம் அடைகிறவள் பெண். அது கெட்டால் முதலில் நஷ்டம் அடைகிறவளும் அவளே.

கொரோனா செய்த கேடு

கெட்டுப்போன காலம் ஒன்றும் வந்தது. கொரோனா நோய் பரவியதால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சிறு பிள்ளைகளின் வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பூட்டு!

செல்போனில் பாடம் நடந்தது என்பார்கள். வீட்டில் ஒரு செல்போன் இருந்தால் அது அண்ணன் கையில்தான் இருக்கும். தங்கை என்ன செய்வாள்? தார் சுற்றுவாள். பாத்திரம் கழுவுவாள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் திறந்தபோது, இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பையே கண்ணால் பார்த்தது இல்லை.

"இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. மாலை வேளையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, படித்த பெண்கள் பாடம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்காவே டீச்சர் ஆனாள்! பிளஸ் டூ, காலேஜ் என்று படித்துவிட்டு வீட்டோடு இருந்த பெண்களுக்கும் அது ஒரு வெளிச்சம்.

2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும், கூட்டல் கழித்தல் தெரிய வேண்டும் என்பது இதன் நோக்கம். இதில் வகுப்பைப் பார்ப்பது இல்லை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளை அரும்பு. கொஞ்சம் தெரிந்தால் மொட்டு. நன்றாகப் படித்தால் மலர். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அரும்பில் இருக்கலாம், வெட்கப்பட வேண்டியது இல்லை. பாட்டு, பொம்மலாட்டம், புளியங்கொட்டை, கூழாங்கல் என்று எல்லாம் பாடத்துக்குள் வந்துவிட்டன.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. "பிரதம்" என்ற தொண்டு நிறுவனம் நாடு முழுவதும் கிராமங்களில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்த்துக் கணக்கு வெளியிடுகிறது. 2022-ல் தமிழ்நாட்டுக் கிராமங்களில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை! 2024-ல் இது இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஆனாலும் நூற்றுக்கு இருபதை எட்டவில்லை. ஏறியது சந்தோஷம். எங்கே இருந்து ஏறியது என்பதையும் மறைக்கக் கூடாது.

உப்புமாவும் முட்டையும்

தறி வேலைக்குப் போகும் வீட்டில் விடிவதற்குள் தாய் புறப்பட்டுவிடுவாள். காலையில் அடுப்பு பற்ற வைப்பது யார்? மூத்த பெண். தம்பிக்கு நீராகாரம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்கு இருந்தால் குடிப்பாள். நேரம் ஆகிவிட்டால் பள்ளிக்கூடம் அன்று இல்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது காலை உணவு. 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். முதலில் 1,545 பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தபோது, சாப்பிடும் பிள்ளைகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே சாம்பார். சமைப்பவர்கள் ஊர் மகளிர் குழுப் பெண்கள்.

பலன் என்ன? மாநிலத் திட்டக் குழு 1,543 பள்ளிகளைப் பார்த்தது. 1,319 பள்ளிகளில் பிள்ளைகள் வருவது அதிகமாகி இருந்தது.

மதிய உணவு பழைய கதை. 1956-ல் காமராஜர் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். கருணாநிதி முட்டை சேர்த்தார். அந்த முட்டை எங்கே இருந்து வருகிறது? நாமக்கல் பண்ணைகளில் இருந்து! தினம் கோடிக்கணக்கில் முட்டை எடுக்கும் ஜில்லாவில், கூலிக்கார வீட்டுச் சிறுமி தவறாமல் முட்டை தின்பது பள்ளிக்கூடத்தில்தான்.

கொரியாவில் நடந்தது

சாப்பாடும் படிப்பும் இருக்கட்டும். அதற்கும் பெண் சிசுவைக் காப்பதற்கும் என்ன சம்பந்தம்?

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கேயும் ஆண் பிள்ளை மோகம் தலைக்கு ஏறி இருந்தது. 1990-ல் நூறு பெண் குழந்தைகள் பிறந்தால் ஆண் குழந்தைகள் 116 பிறந்தன. ஸ்கேன் பார்த்துக் கலைத்ததன் விளைவு. பதினைந்து, இருபது ஆண்டுக்குள் அது இயற்கைக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. சட்டமும் இருந்தது. ஆனால் பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், வயதான தாய் தகப்பனைப் பெண்ணும் காப்பாற்றினாள். பெண்ணைச் செலவாக நினைத்த எண்ணம் அங்கே இப்படித்தான் தளர்ந்தது.

சேலத்தில் இது பாதி வழியில் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஊருக்குள் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர் போக வேண்டி வந்தால், "போதும் பாப்பா" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பதினெட்டு நிறைவதற்குள் கல்யாணம் பேசுவதும், அதிகாரிகள் போய் நிறுத்துவதும் பத்திரிகைச் செய்தியாக வந்துகொண்டு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசு பள்ளியில் படித்துக் காலேஜில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி வந்தது. ஆறாம் வகுப்புக்குப் போகாத பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் கிடையாது.

கோப்பை, கேடயம், ஆண்டு விழாப் பரிசு எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இந்த வட்டாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் வெற்றியைப் பார்க்க வேண்டுமானால், ஐந்தாம் வகுப்பு முடித்த சிறுமிகளில் எத்தனை பேர் ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு காலி இடம் என்ன ஆயிற்று? அது நிறைந்ததா, மறுபடி இரண்டாக ஆனதா? 2021-ல் எடுக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்படவில்லை. 2027-ல் எடுப்பதாக மத்திய சர்க்கார் 2025 ஜூனில் அறிவித்தது. இந்தக் கணக்கு எடுக்க வீடு வீடாக அனுப்பப்படுகிறவர்களில் தொடக்கப் பள்ளி டீச்சர்கள் அதிகம். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து சிறுமிகளின் பெயரைக் கூப்பிடும் அதே டீச்சர், அவர்கள் வீட்டு வாசலில் நின்று, "வீட்டில் குழந்தைங்க எத்தனை பேரம்மா? ஆண் எத்தனை? பெண் எத்தனை?" என்று கேட்பார்.