பிளக்கைச் செருகும் முன்

பரணிலிருந்து தாத்தா காலத்து வால்வு ரேடியோவை இறக்கியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். தூசியைத் தட்டிவிட்டு, பாடுகிறதா பார்ப்போம் என்று நேரே பிளக்கில் செருகிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாற்பது வருடம் சும்மா கிடந்த மர்பியோ பிலிப்ஸோ புஷ்ஷோ, முதல் பத்து நிமிடம் நன்றாகப் பாடவும் செய்யலாம். கருகல் வாடை அதற்குப் பிறகுதான் வரும்.

காரணம் பெரும்பாலும் கண்டென்சர்தான். அந்தக் காலத்துக் கண்டென்சரில் இரண்டு உலோகத் தாள்களுக்கு நடுவே மெழுகில் தோய்த்த காகிதத்தை வைத்துச் சுருட்டியிருப்பார்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்கரை ஊர்களின் காற்றில் கேட்கவே வேண்டாம். சேசிஸைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். மெழுகு வழிந்து, தூசி ஒட்டிக் கறுத்து, சிலவற்றின் முனையில் மயிரிழை போல வெடிப்பும் விட்டிருக்கும்.

அவற்றில் ஒன்றை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் பழையதாக விட்டுவைக்கக் கூடாது. அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர் அது, பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட். முந்தைய வால்வின் ஆனோடில் 90 வோல்ட் போல டிசி நிற்கும். பாட்டை மட்டும் கடக்க விட்டு, அந்த டிசியை மறிப்பதுதான் இதன் வேலை. காகிதம் கெட்டு வெறும் 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலும், கிரிட்டில் இருக்கும் 1 மெகா ஓம் ரெசிஸ்டரில் 10 வோல்ட் ஏறிவிடும். நெகட்டிவாக இருக்க வேண்டிய கிரிட் பாசிட்டிவ் பக்கம் நகர்ந்தால் வால்வு கரண்டை வாரி இழுக்கும், சூடேறிச் சிவக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் கொண்டுபோய்விடும். அந்த டிரான்ஸ்பார்மரைக் கடையில் வாங்க முடியாது, காயில் சுற்றுபவரைத் தேடி அலைய வேண்டும். சில ரூபாய்க் கண்டென்சருக்காக இவ்வளவு!

மீட்டரில் அளவு சரியாகத்தானே காட்டுகிறது என்று சிலர் வாதாடுவார்கள். கசியும் கண்டென்சர் பல நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். மீட்டர் கொடுக்கும் சின்ன வோல்டேஜில் கசிவு தெரியாது.

என் முடிவு தெளிவானது: காகிதக் கண்டென்சர், எலக்ட்ரோலிட்டிக் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மைக்காவையும் செராமிக்கையும் தொடாதீர்கள், அவை அநேகமாக நன்றாகவே இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் போய், "அண்ணா, பாயின்ட் ஜீரோ ஒன், 630 வோல்ட் இருக்கா?" என்று கேட்டால் பாலியெஸ்டர் கண்டென்சரை எடுத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டு எது எங்கே இருந்தது என்று பிறகு தேட முடியாது. பவர் சப்ளை எலக்ட்ரோலிட்டிக்கில் பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். பெரிதாகப் போட்டால் ஹம் குறையும் என்று மனம் போன அளவிலும் போடக் கூடாது. ஈஇசட் 80 (EZ80) ரெக்டிஃபையர் வால்வுக்கு முதல் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் ஆகாது.

மெயின்ஸ் பக்கம் உள்ள கண்டென்சருக்கு அதற்கென்றே வரும் சேஃப்டி வகைதான் போட வேண்டும். டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி செட் என்றால் சேசிஸிலேயே கரண்ட் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எலக்ட்ரோலிட்டிக்கில் ஷாக் அடிக்கும் அளவுக்குச் சார்ஜ் தங்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். எல்லாம் முடிந்ததும் 60 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்ப் ஒளிர்ந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

பொறுமை உள்ளவர்கள் பழைய கூட்டின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, புதிய கண்டென்சரை அதற்குள் வைத்து மெழுகால் மூடுவார்கள். சேசிஸ் அப்படியே அன்றைய தோற்றத்தில் இருக்கும். அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். எனக்குத் தாங்காதது வேறு: உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தத் தேக்குப் பெட்டிக்குள் ஒரு புளூடூத் போர்டை வைப்பது.

சாலிடரிங் பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே இறங்க வேண்டாம். வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக் உங்கள் ஊரில் இன்னும் இருக்கலாம், வயது எழுபதைத் தாண்டியிருக்கும். விசாரித்துக் கண்டுபிடியுங்கள். பெட்டியை இந்த மாதமே அவரிடம் கொண்டுபோங்கள். கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.