செண்டுடுக் களையல்ல

சாலையோர லாலாங் புல்லுக்கு நடுவே ஊதாப் பூவுடன் நிற்கும் செண்டுடுக் செடியை நம்மில் பலர் களை என்றே நினைக்கிறோம். புல்வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்டிவிட்டு, தென் அமெரிக்காவிலிருந்து வந்த காகிதப்பூவை வாசலில் வைத்து அழகு பார்க்கிறோம். காகிதப்பூ இருக்கட்டும். ஆனால், இந்த மண்ணுக்கே உரிய செண்டுடுக்கிற்கும் தோட்டத்தில் ஓர் இடம் தர வேண்டும். அதை நம்பிச் சில முக்கியமான தேனீக்கள் வாழ்கின்றன.

செண்டுடுக் பூவில் தேன் கிடையாது. வருகின்ற பூச்சிக்கு மகரந்தம்தான் கூலி. ஒரே பூவில் இருவகை மகரந்தத் தாள்கள் உள்ளன. எடுப்பாகத் தெரியும் மஞ்சள் தாள்கள் பூச்சியை ஈர்த்து உணவு தருகின்றன. அது உண்ணும் நேரத்தில், வளைந்து நீண்ட ஊதாத் தாள்கள் அதன் உடலில் மகரந்தத்தைப் பூசி அடுத்த பூவுக்கு அனுப்பிவைக்கின்றன.

இந்த மகரந்தத்தை எல்லாப் பூச்சியாலும் எடுக்க முடியாது. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. பூவைப் பற்றிக்கொண்டு, மார்புத் தசைகளை அதிரச் செய்தால்தான் உப்புக் குப்பியைக் குலுக்கியதுபோல் மகரந்தம் கொட்டும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் இதைச் செய்கின்றன. பெட்டியில் வளர்க்கும் தேனீக்களால் இது முடியாது.

நம் கத்தரிப் பூவும் இப்படித்தான் மகரந்தத்தைத் துளை வழியே விடுகிறது. தக்காளிக்கும் இந்த அதிர்வு உதவும். காற்றசைவிலேயே ஓரளவு காய் பிடிக்கும் என்றாலும், இத்தகைய தேனீக்கள் வந்தால் காய்ப்பு கூடும். ஆண்டு முழுதும் பூக்கும் செண்டுடுக் பக்கத்தில் இருந்தால், கத்தரி பூக்காத நாளிலும் அவற்றுக்கு உணவு கிடைக்கும்.

கருவண்டு கொட்டும் என்று பலர் அஞ்சி மருந்தடிக்கின்றனர். ஆண் வண்டுக்குக் கொடுக்கே இல்லை. பெண் வண்டும் கையால் பிடித்தாலன்றிப் பெரும்பாலும் கொட்டாது. வீட்டு மரச் சட்டத்தைத் துளைக்குமே என்பது நியாயமான கவலை. சட்டத்துக்குச் சாயம் பூசிவிட்டு, தோட்ட மூலையில் காய்ந்த மரத்துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள்.

வளர்ப்பதும் எளிது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். புளிப்பான, சத்துக் குறைந்த மண்ணிலும் வளரும். நாற்றங்காலில் கன்று வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்க வேண்டாம். ஆளுயரத்துக்கு மேல் வளரும் என்பதால் அவ்வப்போது கவாத்து செய்யுங்கள். ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும். மறுநாள் வேறு மொட்டுகள் விரியும். நாக்கைக் கருநீலமாக்கும் அதன் பழத்தைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பறவைகளுக்கும் அது விருந்து.

ஹவாய்த் தீவுகளில் இதே இனச் செடிகள் கட்டுக்கடங்காத களைகளாகிவிட்டன. அங்கே அவை வந்தேறிகள். இங்கே செண்டுடுக் வீட்டுக்காரர். பள்ளித் தோட்டங்களும் நகராண்மைக் கழகங்களும் ஒரு வரிசையேனும் அதை நட்டு, அந்த வரிசையில் பூச்சிமருந்து தெளிக்காமல் இருந்தால் போதும். கருவண்டுகள் தாமே தேடி வரும்.