ஹெல்ப்பர் – 650

அப்பாவின் கணக்கு நோட்டு ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டை மராமத்து பார்த்த 26 நாள் செலவும் அதில் வரி வரியாக உண்டு. சிமெண்ட் எத்தனை மூட்டை, எம்-சாண்ட் எத்தனை யூனிட், டீ எத்தனை, வடை எத்தனை. 'திருஷ்டிப் பூசணி – 120' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'படிகாரம், கருப்புக் கயிறு – 60'. மாஸ்க் என்று ஒரு வரி கிடையாது. கண்ணாடி, கையுறை எதுவும் கிடையாது. வயரிங் பக்கத்தில் 'ஹெல்ப்பர் – 650' என்றும், அடுத்த வரியில் 'மேற்படி ஆளுக்கு ஆஸ்பத்திரி – 500' என்றும் இருக்கிறது. அந்த ஆளின் பெயர் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். தங்கச்சிக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகிற வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். 2 மாச வேலையை மார்கழி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும். சுவத்துமேல ஒயர் ஓடினால் அசிங்கம் என்று கன்சீல்டு வயரிங். அதற்குச் சுவரை வெட்ட வேண்டும். நாங்கள் வீட்டைக் காலி பண்ணவில்லை. முன்னறையில் மெஷின் ஓட, பின்னறையில் உட்கார்ந்து சோறு தின்றோம். ஏற்கெனவே வீசிங் உள்ள ஆயா நடு அறைக் கட்டிலிலேயே படுத்திருந்துச்சு. மூணாம் நாள், "என்ன சாமி, மாவு மில்லுல படுத்தாப்ல இருக்குது" என்றது. நாங்கள் சிரித்தோம். அஞ்சாம் நாள் ராத்திரி மூச்சு வாங்க முடியாமல் உதடு நீலம் பாய்ந்து, சேலத்துக்குக் காரில் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெபுலைசரை மாட்டிவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல வேலை நடக்குதா?"

அடுத்த வாரம் அந்தப் பையன். 19, 20 வயசு இருக்கலாம். பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் நின்று சுவரை வெட்டிக்கொண்டிருந்தான். மெஷின் ஒயரில் பிளக் இல்லை. இரண்டு முனையையும் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சி வைத்து அடைத்திருந்தார்கள். எங்கள் பழைய வீட்டில் எர்த்தும் சரியில்லை. மெஷினின் உடம்பில் கரண்ட் வந்தது, அவன் விழுந்தான், தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆட்டோவில் ஏற்றிவிட்டது நான்தான். அப்பா 500 ரூபாய் கொடுத்தார். மறுநாள் காலையில் வேறொரு பையன், அதே ஸ்டூல், அதே மெஷின், அதே தீக்குச்சி. நான் பக்கத்தில் நின்று, வெட்டுக் கோடு நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை நடக்கிற நாளில் வீடு ஒரு வேலைத்தளம், கூலி கொடுக்கிற நாம் முதலாளி. இதை ஒப்புக்கொள்ள நமக்கு மனசு வருவதில்லை. 'நம்ம வீட்டு வேலை' என்கிறோம். 'மேஸ்திரிக்குத் தெரியாதா' என்கிறோம். பட்டாசு ஆலையிலோ சாயப்பட்டறையிலோ யாராவது செத்தால் கோபமாகப் பதிவு போடத் தெரிந்த என் தலைமுறைக்கு, தன் வீட்டு ஹாலில் நடப்பது அதே விஷயம் என்று தெரியவில்லை. வீட்டைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் ஏக்கம். பாட்டி வீட்டு முற்றம், சுண்ணாம்பு வாசனை, தேக்குத் தூண். அந்த முற்றத்தை உடைத்து டைல்ஸ் போட்டவன் என்ன மூச்சு விட்டான் என்று எழுதிய கட்டுரை எனக்குக் கண்ணில் பட்டதில்லை. ஹோம் டூர் ரீல்ஸில் 'முன்', 'பின்' என்று இரண்டு படம் வரும். நடுவில் இருந்த 26 நாளைக் காட்ட மாட்டார்கள்.

அந்த நடு நாள்களில் காற்றில் என்ன இருக்கிறது? செங்கல், மணல், சிமெண்ட் பூச்சு, டைல்ஸ், கிரானைட் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. காய்ந்த சுவரில் மெஷின் வைத்தால் எழும்பும் புகையில் நம் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், தும்மினால் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடி வரைக்கும் இறங்கித் தங்குகிறது. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மூக்கில் கட்டினால் அது நிற்காது. வருஷக்கணக்கில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ். இறுகிப்போன நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றுவரை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தத் தூசியை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை வெட்டிய இளம் தொழிலாளர்களுக்கு வரிசையாக சிலிக்கோசிஸ் வந்தது. அந்தக் கல்லில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம். அதைத் தயாரிக்க, விற்க, வெட்ட, பதிக்க 2024 ஜூலை 1 முதல் அந்த நாடு தடை போட்டுவிட்டது. நம் ஊரில் அதே வகைக் கல் மாடுலர் கிச்சன் ஷோரூமில் 'பிரீமியம்' என்ற பெயரில் மின்னுகிறது. அதை வெட்டுகிறவனுக்கு எங்கள் நோட்டில் எழுதியது 'கல் கட்டிங் கூலி', அவ்வளவுதான்.

"அவங்களே மாஸ்க் போட மாட்டேங்கறாங்க, நாம என்ன பண்றது?" இதுதான் நான் அதிகம் கேட்ட பதில். நானே சொன்ன பதிலும்கூட. ராசிபுரம் வெயிலில், மூடிய அறையில், அடிக்கணக்கில் காண்ட்ராக்ட் பேசி, நாலு நாளில் முடி என்று விரட்டினால் எவன் போடுவான்? மாஸ்க் கடைசித் தடுப்புதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நம் கையில் இருக்கின்றன. வெட்டும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினால் பெரும்பங்கு தூசி எழும்பவே எழும்பாது. கரண்டும் தண்ணியும் சேர்ந்தால் ஆபத்து என்பதால் அதற்கென்றே தண்ணீர்க் குழாயோடு வரும் மெஷின் வேண்டும், அல்லது தூசியை இழுக்கும் மெஷின் வேண்டும். டைல்ஸை வெளியில் வைத்து வெட்டலாம். விளக்கமாறு போட்டுக் கூட்டாமல் ஈரத்துணியில் துடைக்கலாம். இதற்கெல்லாம் வேலை கொஞ்சம் நீளும், கூலி கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலைக் கொடுக்காமல் பேரம் பேசிவிட்டு, 'அவன் போடல' என்பது அயோக்கியத்தனம்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். 'எம்சிபி போட்டிருக்குதுல்ல, ட்ரிப் ஆகீரும்' என்று எல்லார் வீட்டிலும் சொல்கிறார்கள். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபி, 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். மனுஷன் சாக அவ்வளவு வேண்டாம். 10 வாட் எல்இடி பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது, கணக்குப்படி, 43 மில்லி ஆம்பியர் சொச்சம். அந்த அளவு மின்சாரம் உடம்பு வழியாகப் போனாலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். எம்சிபிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்ததும் ஒரு நொடிக்குள் லைனை அறுப்பது ஆர்சிசிபி. அது இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு ஒரு சுருக் என்றதோடு போயிருக்கும். வேலை ஆரம்பிக்கும் முதல் நாளே போட வேண்டிய சாமான் அது. நாங்கள் கடைசி நாள், ஃபேன்சி லைட்டெல்லாம் மாட்டிய பிறகு போட்டோம், லைட் கெட்டுப்போகக் கூடாதென்று.

எங்கள் பக்கம் ஒரு சாஸ்திரம் உண்டு. வீட்டில் பெண் மாசமாக இருந்தால் வீடு கட்டக் கூடாது, இடிக்கக் கூடாது. பகுத்தறிவு பேசிய காலத்தில் நான் இதைக் கேலி செய்திருக்கிறேன். முன்னோர் அறிவியல் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய எனாமல் பெயின்டில் ஈயம் உண்டு, ஜன்னல் கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அது தூளாகிக் காற்றில் கலக்கிறது, கருவில் இருக்கும் பிள்ளைக்கும் தவழுகிற பிள்ளைக்கும் மூளையைப் பாதிக்கிறது. இவ்வளவுக்குக் குறைவாக இருந்தால் ஈயத்தால் கெடுதல் இல்லை என்று ஒரு அளவே கிடையாது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலானது. அதற்கு முன்னால் அடித்த மஞ்சள், பச்சை, சிவப்பு எல்லாம் சந்தேகத்துக்கு உரியவைதான். காய்ந்த பெயின்டைத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஆனால் அந்த சாஸ்திரம் யாருக்கு? எங்கள் வீட்டில் கலவை சுமந்த சித்தாள் அக்கா அப்போது மூணு மாசம். அம்மாவுக்கு அது தெரியும். தினமும் மோர் கொடுத்தார். தேய்க்கிற அறையைக் கூட்டி அள்ளச் சொன்னதும் அம்மாதான். வீட்டு மருமகளுக்கு இருக்கும் சாஸ்திரம் சித்தாளுக்குக் கிடையாது.

சாஸ்திரம் மட்டுமா, சட்டமும் அப்படித்தான். கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது. தன் சொந்த வீட்டுக்கு 10 லட்சத்துக்குள் வேலை பார்ப்பவரை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 10 லட்சத்தை 50 லட்சமாக உயர்த்தியது. ராசிபுரம் மாதிரி ஊரில் 50 லட்சத்துக்கு மராமத்து பார்ப்பவர் எத்தனை பேர்? ஆக, எங்கள் வீட்டு ஹெல்ப்பர் விழுந்தபோது, அந்தச் சட்டத்தின் கண்ணில் அங்கே வேலைத்தளமும் இல்லை, முதலாளியும் இல்லை. அந்த ஓட்டைக்குள்தான் நாம் எல்லாரும் நிம்மதியாக வீடு கட்டிக் குடியிருக்கிறோம்.

ஓட்டை இல்லாத இடம் ஒன்று உண்டு. செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கியவர் வீட்டுக்காரர் என்றால் வீட்டுக்காரருக்கும் தண்டனை உண்டு, முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடைச் சாவுகளுக்கு 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்றது. இத்தனைக்குப் பிறகும் 'ஒருத்தன் இருக்கான், வந்து இறங்கிருவான்' என்று சொல்கிறோம். அந்த 'ஒருத்தன்' எந்தத் தெருவில் இருந்து வருவான் என்பது சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும். புது டேங்க் என்றால் பயமே போய்விடுகிறது. மலம் விழாத தொட்டிதானே என்று சென்ட்ரிங் பலகை பிரிக்க ஆளை இறக்குகிறார்கள். வாரக்கணக்கில் மூடிக் கிடந்த ஈரத்தில் பலகை மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இறங்கினவன் மயங்குவான், தூக்கப் போனவனும் மயங்குவான். எங்கள் வீட்டிலும் பலகை பிரிக்க ஒருவர் இறங்கினார். ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் கெட்டிக்காரத்தனம் அல்ல. திறந்து காற்றடித்து, கயிறு கட்டி, மேலே ஒருவர் நிற்க வேண்டும் என்பதுகூட அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

"இதெல்லாம் பாத்தா வீடே கட்ட முடியாது" என்பார் அப்பா. நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மொத்தச் செலவு 8 லட்சத்துச் சொச்சம். ஆர்சிசிபி, பிளக், ஒரு பெட்டி என்95, கண்ணாடி, ஸ்டூலுக்குப் பதில் வாடகை ஏணி எல்லாம் சேர்த்து வாசல் கதவின் பித்தளைக் கைப்பிடிகள் விலைக்கு மேல் போகவில்லை. கொரோனாவில் பால் வாங்கப் போனாலே என்95 போட்டவர்கள்தான் நாம். அப்போது செத்துப்போவோம் என்ற பயம் நமக்கு இருந்தது. தூசி அடுத்தவன் நெஞ்சில் இறங்குகிறது என்பதால் இப்போது இல்லை. ஆனால் தூசிக்கு வீட்டுக்காரன், கூலிக்காரன் தெரியாது. எங்கள் ஆயா இன்றைக்கும் இன்ஹேலரை முந்தானையில் முடிந்துகொண்டுதான் வாசலில் உட்காருகிறது.

இப்போது மாடிப்படிக்கு மேல் இருக்கும் சிமெண்ட் அட்டையை மாற்ற வேண்டுமாம். வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு தறிப் பட்டறையைப் பிரித்தபோது பழைய விலைக்கு வாங்கிப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ். உடைத்தால் கல்நார் இழை பறக்கும். அது நெஞ்சில் போய் நோயாக வர 20, 30 வருஷம்கூட ஆகலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கள் வீட்டைத் தாங்களே பழுதுபார்த்தவர்களுக்கு இந்த இழையால் புற்றுநோய் கூடிவருவதை 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வெள்ளைக் கல்நார் அட்டை இன்னும் கடையில் கிடைக்கிறது. "சம்மட்டியில நாலு போடு போட்டா அரை நாள் வேலைங்க" என்கிறார் மேஸ்திரி.

இந்தத் தடவை நோட்டு என்னிடம். அட்டையை உடைக்காமல், தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். இரண்டு நாள் கூலி எழுதியாயிற்று. இறக்கியதைப் பாலித்தீனில் சுற்றுவதற்கும் எழுதியாயிற்று. வேலை முடிகிறவரை ஆயா அத்தை வீட்டில். வருகிற 3 பேரின் பெயரையும் மேஸ்திரியிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்பதையும் சேர்த்து. ஒருவருக்கு இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டுத்தான் வேலை என்று சொல்லியிருக்கிறேன். அப்பா இரண்டு நாளாகப் பேசவில்லை.